பாசி டீச்சரின் திறக்காத எண்

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் சவடால் காலை மேசைமேலிருந்து இறக்கினான். காலைப் பதினோரு மணிக்கு அந்தப் படியேறி வருகிறவர்கள் இரண்டே வகை. கீழே இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வாசல் தெரியாமல் மேலே வந்துவிடுகிறவர்கள் ஒன்று, நிஜமாகவே சிக்கலில் மாட்டிக்கொண்டவர்கள் இன்னொன்று. இரண்டு பேருக்குமே கண் சரியாகத் தெரியாது என்பது அவனுடைய கட்சி. முதல் வகைக்கு வழி சொல்வதும் இரண்டாம் வகைக்கு நாற்காலி போடுவதும் அவன் வேலை.

வந்த பெண்மணி இரண்டாம் வகை. நாற்பது வயதிருக்கும். யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடப் போகிறார்கள் என்பது போல ஒரு ஃபைலை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். கண்ணாடிக் கடைக்காரரின் தங்கை என்றும், கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவர் என்றும், அண்ணன்தான் மேலே போய்ப் பார் என்று அனுப்பினார் என்றும் மூச்சு வாங்கச் சொன்னார். கல்லூரியில் எல்லோருக்கும் அவர் பாசி டீச்சர். எந்தச் சுவரில் எந்தப் பாசி பிடித்தால் உள்ளே எந்தக் குழாய் கசிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. எங்கள் குளியலறைக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போங்களேன் என்று சவடால் ஆரம்பித்தான். உள்ளறையிலிருந்து வந்த அண்ணி ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டான்.

அண்ணி என்றால் சவடாலின் அண்ணன் மனைவி. இவன் வாய் ஓயாமல் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெருமுனைப் போலீஸ்காரர் உட்பட எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். துப்பறியும் தொழிலுக்கு வருமுன் ஒரு பதிப்பகத்தில் இருபத்திரண்டு வருடம் பிழை திருத்தியவள். அதுவும் புத்தகத்தின் கடைசியில், யாருமே படிக்காத மேற்கோள் பட்டியலை. பொய் சொல்கிறவன் முதல் பக்கத்தில் சொல்ல மாட்டான், கடைசிப் பக்கத்தில்தான் சொல்வான் என்று அங்கேதான் தெரிந்துகொண்டாள். சவடால் இந்த வேலைக்கு முன் நகலெடுக்கும் இயந்திரம் விற்றுக்கொண்டிருந்தான். விற்றேன் என்பது அவன் வாக்குமூலம், வாங்கினவர் யாரும் இதுவரை அகப்படவில்லை.

விஷயம் இதுதான். டீச்சர் ஆறு வருடமாகத் தற்காலிக வேலையில் இருக்கிறார். இன்று மூன்று மணிக்கு ஒரு குழு கூடி, அவரை நிரந்தரமாக்குவதா வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்யப் போகிறது. விண்ணப்பத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரையாவது காட்ட வேண்டும். வெளியான ஒவ்வொரு கட்டுரைக்கும் டிஓஐ என்று ஓர் எண் உண்டு, உலகம் முழுவதற்கும் ஒரே எண். அதைக் கணினியில் தட்டினால் கட்டுரை திறக்கும். டீச்சர் எழுதியது ஒரே கட்டுரை. நாலு வருடம் சுவர் சுவராக ஏறி இறங்கி எழுதியது. அதன் எண்ணைத் தட்டினால் திறக்கவில்லை. இல்லாத கட்டுரையை இருப்பதாகக் காட்டி ஏமாற்றியிருக்கிறார் என்று குழுவில் இருக்கும் பெரிய பேராசிரியர் குறிப்பு எழுதி வைத்துவிட்டார். மூன்று மணிக்குள் கட்டுரையைக் காட்டாவிட்டால் வேலை போகும், போகிற வேலை ஏமாற்றுக்காரி என்ற பட்டத்தையும் கட்டிக் கொடுத்துவிட்டுப் போகும். அதற்குப் பிறகு எந்தக் கல்லூரியும் அவரை வாசலில்கூட நிற்கவிடாது.

கட்டுரையின் நகல் டீச்சரின் கணினியில் இருக்கிறது. அதைக் காட்டியதற்கு, இந்த மாதிரி ஒரு மணி நேரத்தில் நான் பத்து தயாரிப்பேன் என்றாராம் பெரிய பேராசிரியர்.

"வேலை போனாக்கூடப் பரவாயில்லைங்க, டியூஷன் எடுத்துப் பொழைச்சுக்குவேன். நான் பொய் சொன்னேன்னு எழுதி வெச்சுட்டாங்களே. அதைத்தான் தாங்க முடியல," என்றார் டீச்சர். குரல் பாதியில் உடைந்துவிட்டது.

சவடாலுக்கு மனசு கேட்கவில்லை. அவன் வாய்தான் நீளமே தவிர, யார் கண்ணிலாவது நீர் நின்றால் அவனுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. ஏதாவது செய்ய வேண்டுமே என்று ஃபைலை வாங்கி எண்ணைப் பார்த்தான். பத்து, ஒரு புள்ளி, ஐந்து இலக்கம், ஒரு சாய்கோடு, அதற்கப்புறம் எழுத்தும் இலக்கமும் கலந்து ஒரு வால். வால் முடிகிற இடத்தில் இன்னொரு புள்ளி. பஸ் டிக்கெட்டில்கூட இதைவிட லட்சணமான நம்பர் பார்த்திருக்கிறேன் என்றான்.

லட்சணம் அதற்குத் தேவையில்லை என்றாள் அண்ணி. சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது, முதலில் பதிவு செய்தவர் யார் என்று காட்டும். பின்னால் இருப்பது அவர் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்வது. பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்றுகூட அந்த எண் கவலைப்படாது. ஆனால் நடுவில் இடைவெளி விட்டாலோ, கடைசியில் நம் பங்குக்கு எதையாவது ஒட்டினாலோ கோபித்துக்கொள்ளும். அதனால்தான் அதை முழு இணைய முகவரியாக எழுதி, முடிவில் முற்றுப்புள்ளி வைக்காமல் விட வேண்டும் என்பது. இருபத்திரண்டு வருடத்தில் தான் பிடுங்கி எறிந்த புள்ளிகளைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு மூட்டை தேறும் என்றாள்.

சவடால் துள்ளி எழுந்தான். விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்தவர் எல்லா வரிக்கும் முற்றுப்புள்ளி வைத்திருக்கிறார், இந்த வரிக்கும் வைத்துவிட்டார், கேஸ் முடிந்தது, எல்லோரும் எழுந்து போகலாம் என்று அறிவித்தான். டீச்சருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, புள்ளியை எடுத்துவிட்டு எண்ணைக் கணினியில் தட்டினான். வட்டம் சுற்றியது. பக்கம் வந்தது. 'இந்தத் தளம் இப்போது இங்கே இல்லை' என்று எழுதியிருந்தது. அசடு வழிய உட்கார்ந்தான்.

புள்ளியை எடுத்துவிட்டுத் தானும் பார்த்தாயிற்று, பெரிய பேராசிரியரும் பார்த்தாயிற்று என்று டீச்சர் மெதுவாகச் சொன்னார்.

அண்ணி மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. புள்ளியோடு ஒருமுறை தட்டச் சொன்னாள். தட்டினான். 'இப்படி ஓர் எண் எங்களிடம் பதிவாகவில்லை' என்று வந்தது. புள்ளி இல்லாமல் தட்டச் சொன்னாள். மறுபடியும் 'இந்தத் தளம் இங்கே இல்லை'. அவள் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு படர்ந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே சவடாலுக்குப் பாதி வயிறு நிறைந்துவிடும்.

"ரெண்டும் இல்லைன்னுதானே அண்ணி சொல்லுது?"

"ரெண்டு இல்லையும் ஒரே வாயிலேர்ந்து வரலைடா. மேலே முகவரியைப் பாரு."

பார்த்தான். முதல் 'இல்லை' சொன்னது, எண்களைப் பதிந்து வைத்திருக்கும் இடம். இரண்டாவது 'இல்லை' சொன்னது வேறு ஏதோ ஒரு தளம், டீச்சரின் கட்டுரை வந்த பத்திரிகையின் பெயர் முகவரியிலேயே இருந்தது. அண்ணி விளக்கினாள். அடுக்குமாடி வீட்டு வாசலில் காவலாளி இருக்கிறார். இல்லாத ஆளைக் கேட்டால், அப்படி யாரும் இங்கே கிடையாது என்று வாசலோடு திருப்பிவிடுவார். இருக்கிற ஆள் என்றால், மூன்றாம் மாடி, இடது பக்கம் என்பார். ஏறிப் போய்ப் பார்த்தால் வீடு காலி. அதாவது ஆள் உண்டு, வீடு மாறிப் போயிருக்கிறார், காவலாளியிடம் புது முகவரி சொல்லவில்லை. இந்த எண்ணைக் காவலாளி திருப்பி அனுப்பவில்லை, மேலே அனுப்பியிருக்கிறார். எண் பொய் என்றால் மேலே அனுப்பியே இருக்க மாட்டார்.

டீச்சர் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. ஆனால் அண்ணி அதோடு விடவில்லை. பதிவேட்டில் இந்த எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று தேடிப் பார்த்தாள். கட்டுரையின் தலைப்பு இருந்தது. 'பாசியும் பெரணியும்' என்ற பத்திரிகையின் பெயர் இருந்தது. ஐந்து வருடத்துக்கு முந்தைய தேதி இருந்தது. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய கட்டம் மட்டும் காலி. பதிவு செய்த புண்ணியவான் அதை நிரப்பாமலேயே விட்டிருக்கிறார்.

சவடால் தலையில் கை வைத்துக்கொண்டான். இதை அப்படியே கொண்டுபோய்க் காட்டினால் என்ன ஆகும் என்று அவனுக்கே புரிந்தது. இல்லாத கட்டுரை என்ற குற்றம் போய், யாருடையதோ ஒரு கட்டுரையைத் திருடிக்கொண்டார் என்று புதுக் குற்றம் வந்து நிற்கும். கட்டுரையே திறந்து, அதில் டீச்சர் பெயர் தெரிந்தால்தான் உண்டு. அந்தப் பத்திரிகையோ மூன்று வருடமாகக் கண்ணிலேயே தென்படவில்லை, கட்டுரைத் தலைப்பைப் போட்டுத் தேடினாலும் இணையத்தில் ஒன்றும் வரவில்லை என்றார் டீச்சர்.

மிச்சம் இருந்த நூல் ஒன்றுதான், எண்ணின் முன்பாதி. அந்த ஐந்து இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணி தேடியதில் ஊரின் மறுகோடியில் இருக்கும் ஓர் அச்சகத்தின் பெயர் வந்தது. மணி பன்னிரண்டு. டீச்சரை மூன்று மணிக்குக் கல்லூரிக்கு நேரே வரச் சொல்லிவிட்டு அண்ணி ஸ்கூட்டரை எடுத்தாள். பின்னால் உட்கார்ந்த சவடால், குற்றவாளி அகப்பட்டுவிட்டான், எண்ணிலேயே அவன் கையெழுத்து இருக்கிறது, போய்ச் சட்டையைப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி என்று வழி நெடுக அவள் காதில் ஓதிக்கொண்டே வந்தான்.

அச்சகத்தில் மருந்துப் புட்டிகளுக்கு லேபிள் அடித்துக்கொண்டிருந்தார்கள். தினம் மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின் என்று ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தபடி இருந்தது. இயந்திரச் சத்தத்துக்குக் காதில் பஞ்சு வைத்திருந்த முதலாளி, எதிரே நிற்பவருக்கும் பஞ்சு இருக்கும் என்ற நினைப்பில் கத்திக் கத்திப் பேசினார். சவடால் முன்னுரை எதுவும் இல்லாமல், பத்திரிகையை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டான். முதலாளி பஞ்சை எடுத்துவிட்டு மறுபடி கேட்கச் சொன்னார். இரண்டாம் முறை கேட்டதில் கேள்வியின் மிடுக்கு போய்விட்டது.

அந்தப் பத்திரிகையை நாலு வருடம் முன்பே கைமாற்றிவிட்டதாக முதலாளி சொன்னார். தாவர ஆர்வலர் சங்கம் என்று ஒன்று வந்து, கட்டுரைகள், பழைய இதழ்கள், எண்கள் என்று எல்லாவற்றையும் ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதாம். துண்டுக் காகிதம்கூட மிச்சம் இல்லை. சவடால் விடவில்லை. எண்ணில் இன்னும் உங்கள் ஐந்து இலக்கம்தானே இருக்கிறது, கையும் களவுமாக மாட்டிக்கொண்டீர்களே என்றான். முதலாளி அவனைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, பதில் சொல்லச் சொல்லி அண்ணி பக்கம் திரும்பினார்.

"கல்யாணமாகி உங்க வீட்டுக்கு வந்து இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. நான் இன்னும் எங்கப்பா இனிஷியலைத்தானே போடறேன்? அதுக்காக என்னைத் தேடறவங்க எங்கப்பா வீட்டுக் கதவைத் தட்டுவாங்களா?" என்றாள் அண்ணி.

சவடாலுக்குச் சட்டென்று விளங்கியது. எண் பிறந்த இடத்தைச் சொல்லுமே தவிர, இருக்கிற இடத்தைச் சொல்லாது. அதை மாற்றவும் கூடாது. மாற்றினால் ஏற்கெனவே அந்த எண்ணை எழுதி வைத்திருக்கிற அத்தனை பேரும் நடுத்தெருவில் நிற்பார்கள். பத்திரிகை கை மாறும், பெயர் மாறும், கணினி மாறும். எண் மட்டும் அப்படியே இருக்கும். அதை வைத்து ஒரு மனிதரின் சட்டையைப் பிடிக்க இருந்தோமே என்று நினைத்து, லேபிள் ஒன்றைக் கையில் எடுத்துப் படிப்பது போல நின்றான்.

கைமாற்றிய போது ஏதாவது எழுதி வாங்கினீர்களா என்று அண்ணி கேட்டதற்கு, முதலாளி இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். எல்லாம் பெற்றுக்கொண்டோம், இனி எண்களைப் பதிவு செய்யும் இடத்துக்குப் புது இணைய முகவரிகளைத் தெரிவிப்பது எங்கள் பொறுப்பு என்று ஒரு வரி. கீழே சங்கத்தின் முத்திரை, செயலாளர் என்ற பதவி, கோழி கிண்டினது போல ஒரு கையெழுத்து. மூன்று மாதம் பொறுத்திருந்துவிட்டுத்தான் தன் கணினியை அணைத்ததாக முதலாளி சத்தியம் செய்தார். கட்டுரை எழுதியவர்கள் யார் யார் என்று கேட்டால் எல்லோரையும் தனக்குத் தெரியாது, காகிதத்தின் எடை கேட்டால் சொல்வேன் என்றார்.

கடிதத்தை நகலெடுத்து வரும்படி சவடாலை அண்ணி பக்கத்துக் கடைக்கு அனுப்பினாள். தன் பழைய தொழிலைச் சேர்ந்த இயந்திரம் ஒன்று அங்கே காகிதத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்ததால் அவன் திரும்பக் கால் மணி ஆயிற்று. வந்து பார்த்தால் அண்ணியும் முதலாளியும் எதற்கோ வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்ன என்று கேட்டான். மூன்று மணிக்குத் தெரியும் என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். சங்கத்தின் முகவரியைக் கண்டுபிடித்து செயலாளரைப் பிடிக்க வேண்டாமா என்றான். அவரை இன்று பார்க்கத்தானே போகிறோம் என்றாள்.

கல்லூரியின் கூட்ட அறையில் நீள மேசை, சுவரில் பெரிய திரை, மூலையில் தண்ணீர் இயந்திரம். டீச்சர் ஓரமாக உட்கார்ந்து விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் துணையாக ஒருவர் வரலாம் என்று விதி இருந்ததால் அண்ணி உள்ளே வந்தாள். சவடாலுக்கு அப்படி விதி எதுவும் இல்லாததால் அண்ணியின் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். நடுவில் கல்லூரி முதல்வர். அதிகம் பேசாத, பேனாவை மூடி மூடித் திறக்கிற பெண்மணி. அவருக்கு வலப்பக்கம் குறிப்பெடுக்கும் அலுவலகக் கண்காணிப்பாளர். இடப்பக்கம் பெரிய பேராசிரியர், நாற்காலியை முழுசாக நிரப்பிக்கொண்டு.

பேராசிரியர்தான் ஆரம்பித்தார். எண் என்று ஒன்று எதற்கு இருக்கிறது, அது நிரந்தரமானது, அதற்குப் பெயரே நிரந்தர அடையாளம், நிரந்தரமான ஒன்று திறக்கவில்லை என்றால் கட்டுரை இல்லை என்பதைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது என்று பாடம் நடத்தினார். புள்ளி, கமா எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தாயிற்று என்றும், பாசியைப் பற்றி எழுதுகிறவர் இவ்வளவு வழுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். கண்காணிப்பாளர் அதைக் குறிப்பில் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தார். டீச்சர் தலை நிமிரவில்லை. சவடாலுக்குக் கைப்பையை அந்த மனிதர் தலையில் இறக்கலாமா என்று இருந்தது.

அண்ணி எழுந்து, ஒரு சின்ன உதவி வேண்டும் என்றாள். இந்த எண்கள் எப்படித் திறக்கும் என்று தான் பார்த்ததே இல்லை, பெரியவர் எவ்வளவோ கட்டுரைகள் எழுதியிருப்பார், அவருக்குப் பிடித்த ஒன்றைத் திரையில் திறந்து காட்டினால் புண்ணியமாகப் போகும் என்று கெஞ்சும் குரலில் கேட்டாள். அண்ணி கெஞ்சி சவடால் பார்த்ததே இல்லை. யாருக்கோ ஆபத்து என்று புரிந்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

பேராசிரியர் சந்தோஷமாகத் தன் பட்டியலை எடுத்தார். பரிசு வாங்கிய கட்டுரையின் எண்ணை எழுத்து எழுத்தாகச் சொல்ல, கண்காணிப்பாளர் தட்டினார். வட்டம் சுற்றியது. திரை முழுக்க வந்து நின்றது: 'இந்தத் தளம் இப்போது இங்கே இல்லை'.

தட்டுவதில் தவறு என்றார் பேராசிரியர். கண்காணிப்பாளரை நகரச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்து தட்டினார். அதே பக்கம். இன்னொரு கட்டுரை. அதே பக்கம். மூன்றாவது தட்டும்போது விரல் தடுமாறி ஒரு புள்ளி கூடுதலாக விழுந்தது. அப்படி ஓர் எண் பதிவாகவே இல்லை என்று திரை வேறு விதமாகத் திட்டியது. அறையில் தண்ணீர் இயந்திரம் மட்டும் களுக் என்று ஒரு குமிழி விட்டது. பேராசிரியர் முகத்தில் ஈயாடவில்லை.

முதல்வர் பேனாவை மூடினார். "சார், உங்க விதிப்படி பார்த்தா, நீங்களும் ஒண்ணும் எழுதலைன்னு ஆகுதே?"

பன்னிரண்டு கட்டுரை, என்று பேராசிரியர் முனகினார். எல்லாமே 'பாசியும் பெரணியும்' பத்திரிகையில் வந்தவை.

அண்ணி அப்போதுதான் கடிதத்தின் நகலை எடுத்து மேசைமேல் வைத்தாள். அந்தப் பத்திரிகையை வாங்கிய சங்கத்துக்குச் செயலாளர் யார் என்று அச்சக முதலாளி சொன்னதைச் சொன்னாள். இதே கல்லூரியில் பாடம் நடத்துகிறவர், பத்திரிகையில் அதிகமாக எழுதியவர், ஒவ்வொரு கட்டுரைக்கும் மூன்று முறை தொலைபேசியில் கூப்பிட்டு உயிரை எடுத்தவர், கடைசியில் அந்தப் பத்திரிகையையே வாங்கிப் 'பசுமை ஆய்வு' என்று பெயர் மாற்றியவர். அந்தக் கையெழுத்தை அடையாளம் கண்டுபிடிக்கும் சிரமத்தைப் பேராசிரியர் யாருக்கும் வைக்கவில்லை. பார்த்ததும் கையால் மூடிக்கொண்டார்.

சவடாலுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். காவலாளியிடம் புது முகவரி சொல்ல வேண்டிய ஆளே, வீடு காலி, ஆள் கிடையாது என்று ஊரைக் கூட்டி நியாயம் பேசியிருக்கிறார்.

முதல்வர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க விஷயம் வெளியே வந்தது. பேராசிரியரின் மருமகன் சங்கத்துக்குப் புதுத் தளம் ஒன்று அழகாகச் செய்து கொடுத்தார். உறுப்பினர்கள் மட்டும் நுழையும்படி பூட்டுப் போட்டது அது. அதனால்தான் வெளியே தேடியவர்களுக்குக் கட்டுரை கிடைக்கவில்லை. முகவரி மாறியதைப் பதிவு செய்யும் இடத்துக்குத் தெரிவித்தீர்களா என்றார் முதல்வர்.

"நிரந்தரம்னு சொல்றாங்களே மேடம். நிரந்தரமா இருக்கறதை நாம எதுக்குப் போய்த் தொடணும்னு விட்டுட்டேன்."

அவர்கள் நினைவூட்டி ஒன்றும் எழுதவில்லையா என்று அண்ணி கேட்டாள். எழுதினார்கள். அறுபத்து மூன்று மின்னஞ்சல். விளம்பரம் என்று நினைத்து ஒன்றையும் திறக்கவில்லை. டீச்சர் கட்டுரையை உங்கள் தளத்திலேயே தேடிப் பார்த்திருக்கலாமே என்றார் முதல்வர். தேடாமல் இருக்கத்தானே எண் என்று பேராசிரியர் ஆரம்பித்து, பாதியில் தானே நிறுத்திக்கொண்டார்.

அப்போது டீச்சர் தலை நிமிர்ந்தார். "தேடுங்க சார். இப்பவே, எல்லாரும் பார்க்கத் தேடுங்க," என்றார்.

பேராசிரியர் தன் கடவுச்சொல்லைப் போட்டுத் தளத்துக்குள் போனார். ஐந்து வருடத்துக்கு முந்தைய இதழ், மூன்றாவது கட்டுரை. சுவர்ப் பாசியும் குழாய்க் கசிவும். அடியில் டீச்சர் பெயர், அவர் பெயர் மட்டும். முதல்வர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் அந்தப் பெயரை நிதானமாகப் படித்தார். கண்காணிப்பாளரிடம், பழைய குறிப்பை அடித்துவிட்டு அதே பக்கத்தில் இதை எழுதச் சொன்னார். நிரந்தர வேலைக்கான தாளில் தானே முதலில் கையெழுத்திட்டுப் பேராசிரியர் பக்கம் நகர்த்தினார். அவரும் போட்டார். இந்த முறை கையெழுத்து ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக இருந்ததைச் சவடால் எட்டிப் பார்த்துக்கொண்டான்.

அதன் பிறகு அவர் டீச்சரைப் பார்த்து, தப்பு என்மேலதான்மா, மன்னிச்சுக்கோங்க என்றார். வெறும் ஒப்புக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. மனிதர் ஒரே மதியத்தில் பத்து வயது கூடியவர் போல இருந்தார். டீச்சர் அழுதுவிடுவார் என்று எதிர்பார்த்து சவடால் கைக்குட்டையை எடுத்தான். அவர் அழவில்லை. தாளை மடித்து ஃபைலில் வைத்துவிட்டு, சங்கத்திடம் அந்தப் பத்திரிகையின் கட்டுரைகள் மொத்தம் எத்தனை இருக்கின்றன என்று கேட்டார். நானூற்றுப் பன்னிரண்டு என்றார் பேராசிரியர்.

"அப்போ மிச்சம் இருக்கறவங்கள்ல யாரோ ஒருத்தர் இதே நேரத்துல எங்கேயோ இப்படி உட்கார்ந்துக்கிட்டு இருப்பாங்க சார். என்னுதை மட்டும் சரி பண்ணாப் போதாது. எல்லாத்துக்கும் புது முகவரி குடுங்க. நான் இங்கேயே இருக்கேன்."

அண்ணி, பதிவு செய்யும் இடத்துக்கு அனுப்பும் படிவத்தைத் திரையில் எடுத்துக் கொடுத்தாள். இடது பக்கம் எண், வலது பக்கம் புது முகவரி. எண்ணில் கை வைக்கக் கூடாது, முகவரியை மட்டும் மாற்ற வேண்டும், முடிவில் புள்ளி கூடாது என்று சொன்னாள். பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தளத்தின் பூட்டை எல்லோருக்குமாகத் திறந்துவிட்டு, முதலில் டீச்சருடையதை அனுப்பினார். கால் மணி கழித்து முதல்வர் தன் கணினியில் அந்த எண்ணைத் தட்டினார். வட்டம் சுற்றியது. கட்டுரை திறந்தது. டீச்சர் பார்த்தார். அப்புறம்தான் அவர் கண் நிறைந்தது. சவடால் கைக்குட்டையை நீட்டப் போய், அதைத் தானே பயன்படுத்திக்கொள்ளும்படி ஆயிற்று.

பேராசிரியர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்தது என் பெயரில் பன்னிரண்டு இருக்கிறதே, அதை ஒரேயடியாக முடித்துவிடட்டுமா என்று முதல்வரைக் கேட்டார்.

"நானூறு பேர் வரிசையில நிக்கறாங்க சார். உங்களுதைக் கடைசியா போடுங்க," என்றார் முதல்வர்.